தமிழருக்குச் சீலியாக் வராதாமே?

போர்ட் லூயியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "என் மனைவிக்கு நாலு வருஷமாக ரத்தசோகை. மாத்திரை போட்டும் ஏறவில்லை. புது டாக்டர் சீலியாக் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வெள்ளைக்காரர்களுக்கும் வட இந்தியர்களுக்கும் வருகிற கோதுமை வியாதிதானே? நாம் தமிழர், சோறு தின்கிறவர்கள். வீண் செலவு என்று நினைக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்றிரவிலிருந்து ரொட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். சரிதானே?"

2022 ஆகஸ்ட் 14, மாலை

நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். நான் விளக்கமாக எழுதி முடிப்பதற்குள் உங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்துவிடும் என்பதால் இதை மட்டும் முதலில் போடுகிறேன்.

அதே நாள், இரவு

சீலியாக் என்பது, கோதுமை உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்குகிற நோய். அந்த ரத்தப் பரிசோதனை கோதுமையைத் தேடுவதில்லை. கோதுமை உள்ளே போகும்போது உடம்பு தன்னையே எதிரியாக நினைத்து உண்டாக்குகிற ஆன்டிபாடியைத் தேடுகிறது. சீட்டில் டிடிஜி-ஐஜிஏ என்று எழுதியிருப்பார்கள். குளூட்டனை, அதாவது கோதுமையில் இருக்கும் அந்தப் புரதத்தை, நிறுத்திவிட்டால் அந்த ஆன்டிபாடி வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போகும். நோய் உள்ளேயே உட்கார்ந்திருக்கும், தாளில் "இல்லை" என்று வரும். எண்டோஸ்கோப்பியில் குழாய் விட்டுக் குடலில் துண்டு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸிக்கும் இதே கதைதான். ஆறத் தொடங்கிய குடலை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதை நீளம், வாரக் கடைசியில் எழுதுகிறேன்.

2022 ஆகஸ்ட் 15

"தமிழருக்கு வராது" என்பதற்கு இப்போது வருகிறேன். இதை என் அத்தையும் சொன்னார், ஒரு டாக்டரும் சொன்னார்.

இந்தியாவில் மூன்று பகுதிகளில் ஆரோக்கியமாக இருந்த ஆயிரக்கணக்கான பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். சீலியாக் ஆன்டிபாடி வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. இவ்வளவோடு நிறுத்தினால் நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதே ஆய்வில் ஜீனையும் பார்த்தார்கள். இந்த நோய்க்கு அடிப்படையான எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 வகை ஜீன்கள் தெற்கிலும் வடக்கைப் போலவே சுமார் மூன்றில் ஒருவருக்கு இருந்தன. வேறுபட்டது தட்டுதான். வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம்.

இப்போது மொரீஷியஸில் இருக்கிற நம் தட்டைப் பாருங்கள். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. பத்து மணிக்கு அதே ரொட்டிக்குள் ஒரு காத்தோ பிமாங் (நம் பருப்பு வடை மாதிரி). சாயங்காலம் பஸ் நிலையத்தில் ஒரு ஜோடி தால் பூரி. சனிக்கிழமை மீன் ஃப்ரீ, அதாவது வறுத்த நூடுல்ஸ். நம் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறியபோது கஞ்சி குடிக்கிறவராக இருந்திருக்கலாம். நாம் யாரும் 25 கிராமில் நிற்கவில்லை.

2022 ஆகஸ்ட் 20

என் கதை.

ஆறு வருஷம் ரத்தசோகை. ஹீமோகுளோபின் 8.4 வரை இறங்கியது. இரும்பு மாத்திரை போட்டால் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். வகுப்பில் கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவில் மூச்சு வாங்கும். மாதவிலக்கு அதிகம் போகிறதா என்று கேட்டார்கள், கர்ப்பப்பையை ஸ்கேன் பண்ணினார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு இல்லாததால் குடல் பக்கம் யாரும் திரும்பவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வயிறு உப்பும்தான், ஆனால் ஊரில் யாருக்கு உப்பவில்லை?

ரியூனியனில் இருக்கும் என் அத்தை மகளுக்குச் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். அவள் தொலைபேசியில் சொன்ன அறிகுறிகளைக் கேட்டு "இது நான்தானே" என்று அன்றைக்கே கோதுமையை விட்டேன். மூன்று மாதம். அப்படி ஒரு தெம்பு. மாடிப்படி ஏறினேன், பாட்டுப் பாடினேன். பிறகுதான், பெயருக்கு ஒரு பரிசோதனை எடுத்துவைப்போம் என்று லேபுக்குப் போனேன். 10-க்கு மேல் போனால் நோய் என்ற அளவுகோலில் எனக்கு 6. "இல்லை."

குடல் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கடைசியாக ரொட்டி சாப்பிட்டது எப்போது?" பதிலைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார். "மறுபடியும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்."

2022 ஆகஸ்ட் 21

மறுபடியும் சாப்பிடுவதற்குக் குளூட்டன் சேலஞ்ச் என்று பெயர். பெயர் என்னவோ விளையாட்டுப் போட்டி மாதிரி இருக்கிறது. பிரிட்டனில், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன், குறைந்தது ஆறு வாரம் என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் நாளுக்கு 3 கிராம் குளூட்டன், இரண்டு வாரத்திலேயே பெரும்பாலோருக்குக் குடலில் மாற்றம் தெரிந்தது. ரத்தத்தில் ஏறுவதற்கு அதைவிட நாள் பிடிக்கும். ரொட்டி ஒரு துண்டில் சுமார் 2 கிராம் என்று கணக்கு. எனக்கு டாக்டர் சொன்னது எட்டு வாரம், காலையில் இரண்டு துண்டு, மாலையில் ஏதாவது ஒன்று.

அந்த "ஏதாவது ஒன்று" தால் பூரிதான். காத்ர் போர்னில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்து விற்பார். பெட்டியைத் திறந்ததும் ஆவி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, க்ரோ புவா (பெரிய வெள்ளை அவரை) கறி ஒரு கரண்டி, தக்காளி ரூகாய் ஒரு கரண்டி, கொத்தமல்லிச் சட்னி, சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் கையில் வைப்பார். எட்டு மாதமாகப் பார்க்காத உறவுக்காரரைப் பார்த்த மாதிரி முதல் நாள் அழுகை வந்தது. மூன்றாம் நாளும் அழுகை வந்தது, அது வேறு அழுகை. வயிறு தபேலாவாகிவிட்டது, வாயில் நாலு புண், வகுப்பில் பிள்ளைகளைக் கத்தினேன். மூன்றாவது வாரம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். என் கணவர், "இன்னும் ஐந்து வாரம் நான் கூட வந்து சாப்பிடுகிறேன்" என்றார். தியாகம் மாதிரிச் சொன்னார். நான்கு கிலோ கூடினார்.

எட்டாவது வாரம்: 86.

2022 ஆகஸ்ட் 21, திருத்தம்

மேலே "எட்டு மாதமாக" என்று எழுதியிருக்கிறேன். மூன்று மாதம்தான். எட்டு மாதம் மாதிரி இருந்தது.

2022 ஆகஸ்ட் 27

ஒருவர் கேட்கிறார்: "86 வந்த பிறகு எதற்கு எண்டோஸ்கோப்பி? குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனையே போதும் என்று படித்தேனே."

படித்தது சரி, ஆனால் பாதி. ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதலில், டிடிஜி-ஐஜிஏ லேபின் உச்ச எல்லையைப்போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு தடவை எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற ஆன்டிபாடியும் இருந்தால், பயாப்ஸி இல்லாமலே முடிவு சொல்லலாம் என்று இருக்கிறது. கொரோனா காலத்தில் பிரிட்டனில் 55 வயதுக்குக் கீழே உள்ள பெரியவர்களுக்கும் இதையே அனுமதித்தார்கள். எனக்கு 10-க்கு 86. எட்டரை மடங்குதான். அப்புறம், என் டாக்டர் பழைய ஆள். "வாழ்நாள் முழுக்க ரொட்டியைப் பிடுங்கப் போகிறேன், ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா" என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை.

ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கிட்டுக்குக் கிட்டு அளவு மாறும். எண்ணைப் பார்க்காமல் எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

இஎம்ஏ பற்றி ஒரு வேடிக்கை. பழைய முறையில் அதைப் பார்க்கக் குரங்கின் உணவுக்குழாயிலிருந்து சீவிய மெல்லிய தகட்டின் மேல் நம் ரத்தநீரை விட்டு, மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். என் மாமியார் இதைக் கேட்டு, "கடைசியில் ஆஞ்சநேயர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்" என்று சனிக்கிழமை வடை மாலை சாத்திவிட்டு வந்தார். உளுந்து வடை. நானும் சாப்பிட்டேன்.

2022 ஆகஸ்ட் 28

எண்டோஸ்கோப்பிக்குப் பயப்படுகிறவர்களுக்கு. ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடிப்பார்கள், வாழைக்காய்த் தோலை நக்கின மாதிரி. இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துக் கையில் மயக்க ஊசி. எனக்குக் கூரை விளக்கை எண்ணியது வரை ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எடுக்கிற துண்டு அரிசி நொய் அளவு. முக்கியம், எத்தனை துண்டு எடுக்கிறார்கள் என்பது. சிறுகுடலின் தொடக்கத்தில், அதாவது டியோடினத்தில், புண்பட்ட இடமும் நல்ல இடமும் திட்டுத்திட்டாக இருக்கும். இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கு, அதற்கு முந்தைய குமிழ் பகுதியிலிருந்து ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும். எனக்கு ஆறு எடுத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு வேறொரு இடத்தில் இரைப்பையில் மட்டும் எடுத்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று அனுப்பினார்கள். இரண்டு வருஷம் போனது. போவதற்கு முன்பே கேளுங்கள்: சீலியாக்குக்குத்தானே பார்க்கிறீர்கள், டியோடினத்தில் எடுப்பீர்களா என்று. டாக்டர் முறைத்தால் முறைக்கட்டும்.

பத்து நாளில் அறிக்கை. மார்ஷ் 3பி. மார்ஷ் என்பது ஒருவர் பெயர், குடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற படிக்கட்டு. குடலின் உள்பக்கம் கம்பளி மாதிரிக் குடலுறிஞ்சிகள் நிற்க வேண்டும். 0 என்றால் கம்பளி, 3சி என்றால் மொசைக் தரை. எனக்குப் பாதி தேய்ந்த மிதியடி. மாத்திரையில் போட்ட இரும்பு ஆறு வருஷமாக எங்கே போனது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

2022 செப்டம்பர் 3

"மார்ஷ் 1 வந்திருக்கிறது, ரொட்டியை விடவா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தம்பி. அவசரப்படாதீர்கள். மார்ஷ் 1 என்றால் உறிஞ்சிகள் நன்றாக இருக்கின்றன, அவற்றின் ஊடே வெள்ளணுக்கள் மட்டும் அதிகம். இரைப்பையில் ஹெச்.பைலோரி கிருமி இருந்தாலும், மூட்டுவலி மாத்திரை தொடர்ந்து போட்டாலும் அப்படி வரும். ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று சேர்த்துப் பார்க்காமல் இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உறிஞ்சிகள் தேய்ந்திருந்தாலும்கூடச் சீலியாக்தான் என்று இல்லை. நம் மாதிரி வெப்ப நாட்டுக்காரர்களுக்கு டிராபிகல் ஸ்ப்ரூ என்று ஒன்று உண்டு, பயாப்ஸியில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அது ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் ஆறும். ஜியார்டியா கிருமி இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குப் போடும் ஓல்மெசார்டன் மாத்திரை சிலருக்கு இதே மாதிரி குடலைத் தேய்க்கும். 2012-இல்தான் அதைக் கவனித்து எழுதினார்கள். ரத்தம் ஒன்று சொல்லி, சதை அதையே சொன்னால்தான் நிம்மதி.

2022 செப்டம்பர் 10

இன்று எழுத வேறு விஷயம் இல்லை. கோவிந்தன் விரதம் நெருங்குகிறது, வாழை இலையில் ஏழு கறி. ஏழும் காய்கறி, பருப்பு, சோறு, எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன வருஷம் ரசம் குடித்துவிட்டு இரண்டு நாள் படுத்தேன். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படித்ததில் அகப்பட்டது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. அரிசி மாவில் கலந்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். சோயா சாஸிலும் கோதுமை உண்டு, அதனால் போல் ராங்வெர்சே (கிண்ணத்தைக் கவிழ்த்துப் பரிமாறும் சோறு) போச்சு. பாயசத்தில் சேமியா இருந்தால் கூடாது, ஜவ்வரிசி என்றால் சரி. மாஹேபூரில் 1870-லிருந்து மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் செய்கிற ஒரு குடும்பம் இருக்கிறது. டீயோடு அதுதான் இப்போது எனக்குத் துணை.

2022 செப்டம்பர் 18

இழையை ஆரம்பித்த வாசகர் எங்கே? ஒரு மாதமாக ஆளைக் காணோம். மனைவிக்குப் பரிசோதனை எடுத்தீர்களா?

2022 அக்டோபர் 2

வீட்டில் ஒருவருக்கு வந்தால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கும் பார்க்கச் சொல்வார்கள். பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். என் மகளுக்குப் பார்த்தோம், இல்லை. ரோஸ் பெல்லில் இருக்கும் என் தம்பி இரண்டு வருஷம் போக்குக் காட்டிவிட்டு இப்போதுதான் ரத்தம் கொடுத்தான். டிடிஜி-ஐஜிஏ 0.2. அவனுக்கும் இல்லை. அவனுக்குத்தான் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும், எனக்கு அப்போதே சந்தேகம். சரி, இல்லையென்றால் நல்லதுதான். ஃபராத்தாவை (நம் பரோட்டா மாதிரி) என் கண் முன்னாலேயே தின்றான்.

2022 அக்டோபர் 4

நான் எழுதியது தப்பு. லேபில் வேலை செய்யும் ஒரு வாசகி தனிச் செய்தியில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "அக்கா, 0.2 என்பது நல்ல எண் இல்லை, சந்தேகப்பட வேண்டிய எண். மொத்த ஐஜிஏ பார்த்தார்களா?"

பார்க்கவில்லை. டிடிஜி-ஐஜிஏ என்பதில் கடைசியில் இருக்கும் ஐஜிஏ ஒரு வகை ஆன்டிபாடி. சிலருக்குப் பிறவியிலேயே அந்த வகை உடம்பில் உண்டாவதில்லை. அவர்களிடம் சீலியாக் ஐஜிஏவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கிணற்றில் தண்ணீரே இல்லாதபோது மீன் இல்லை என்று சொல்கிற மாதிரி. சாதாரண ஜனங்களில் ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இந்தக் குறை என்றால், சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. அதனால்தான் முதல் தடவையே மொத்த ஐஜிஏவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சேர்த்துப் பார்த்தார்கள், அந்த வரியை நான் கவனித்ததே இல்லை.

என் மகளின் தாளை எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு மொத்த ஐஜிஏ நார்மல். அதைப் பார்க்கும் வரை தூக்கம் வரவில்லை.

2022 அக்டோபர் 15

தம்பிக்கு மொத்த ஐஜிஏ 0.04. 0.07-க்குக் கீழே போனால் குறைபாடு என்று கணக்கு. இனி ஐஜிஜி என்ற வேறு ஆன்டிபாடி வகையில் பார்க்க வேண்டும், டிஜிபி-ஐஜிஜி என்று எழுதியிருக்கிறார்கள்.

2022 அக்டோபர் 29

டிஜிபி-ஐஜிஜி வந்தது. எல்லையைப்போல் நாலு மடங்கு.

தொலைபேசியில் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "ஃபராத்தாவை நாயிடம் போட்டுவிட்டேன், இன்றோடு சரி" என்றான். மூன்று மாதமாக நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், என் சொந்தத் தம்பி ஒரு வரி படிக்கவில்லை! எண்டோஸ்கோப்பி முடியும் வரை சாப்பிட்டாக வேண்டும், ஐஜிஏ இல்லாதவர்களுக்குப் பயாப்ஸி இல்லாமல் முடிவு சொல்ல முடியாது, போய் நாயிடமிருந்து பிடுங்கு என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

2022 நவம்பர் 6

நிறையப் பேர் ஜீன் பரிசோதனை பற்றிக் கேட்கிறீர்கள். "எச்எல்ஏ டிக்யூ2 இருக்கிறது, ஆகவே எனக்கு நோய்" என்று ஒருவர். இல்லை. மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது என்று ஆகஸ்டிலேயே எழுதினேன். அந்த மூன்றில் ஒருவர்களில் மிகச் சிலருக்குத்தான் நோய் வரும். அந்தப் பரிசோதனையின் பயன் எதிர்ப்பக்கம்: இரண்டு ஜீனுமே இல்லையென்றால் சீலியாக் ஏறக்குறைய இல்லவே இல்லை, கதவைச் சாத்திவிடலாம். ரொட்டியை ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கும் அது மாறாது. என் மகளுக்கு டிக்யூ2 இருக்கிறது. அதனால் இன்று இல்லை என்று வந்தாலும் சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்ப்போம். நான் முதலில் எழுதிய "என் மகளுக்குப் பார்த்தோம், இல்லை" என்பதை "இப்போதைக்கு இல்லை" என்று படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு சொட்டு ரத்தத்தில் இருநூறு உணவுக்கு ஒவ்வாமை சொல்கிறோம் என்று இணையத்தில் விற்கிறார்களே, அது எனக்கு அரிசி, பூண்டு, வாழைப்பழம் மூன்றையும் சிவப்பில் காட்டியது. கோதுமை பச்சை! காசு போனதுகூடப் பரவாயில்லை, ஒரு மாதம் பூண்டு இல்லாமல் சமைத்தேன். அது பார்ப்பது நாம் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான்.

2022 நவம்பர் 13

வாழைப்பழம் என்றதும் ஞாபகம். அமெரிக்காவில் ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் 1924-இல் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவு என்று ஒன்று எழுதினார். ரொட்டி கூடாது, வாழைப்பழம் நிறைய. செத்துப்போக இருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர் வாழைப்பழம்தான் குணப்படுத்தியது என்று நம்பினார். அதனால் தேறிய பிள்ளைகள் மறுபடி ரொட்டிக்குப் போனார்கள். கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் டச்சுக்காரர் டிக்கெ. 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, எல்லாப் பிள்ளைகளும் மெலிய, இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறியதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

அப்போது பயாப்ஸி எடுக்க எண்டோஸ்கோப்பி இல்லை. 1957-இல் கிராஸ்பி என்பவர் ஒரு கேப்ஸ்யூல் செய்தார். நூல்குழாயில் கட்டிய உலோகக் குளிகையை விழுங்க வேண்டும், அது நகர்ந்து குடலுக்குப் போகும் வரை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பிறகு காற்றை உறிஞ்சினால் உள்ளே இருக்கும் கத்தி சுழன்று ஒரு துண்டை வெட்டும். அப்புறம் குழாயை இழுத்து வெளியே எடுக்க வேண்டும். தம்பிக்கு இதைச் சொன்னேன், எண்டோஸ்கோப்பிக்கு உடனே சம்மதித்தான்.

2022 நவம்பர் 14

டிக்கெ கதையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பஞ்சத்தில் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. 1930-களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்தது, சில பிள்ளைகளுக்கு நிறுத்தியும் பார்த்திருக்கிறார். பஞ்சம் அதை உறுதிப்படுத்தியது, 1950-இல் ஆய்வேடாக எழுதினார். நிறுத்தி, கொடுத்து, மறுபடி நிறுத்திப் பார்த்தார். நான் தால் பூரியோடு எட்டு வாரம் பட்ட பாட்டுக்கு மூதாதை இவர்தான்.

2023 ஜனவரி 21

தம்பிக்கு எடுத்தாயிற்று. ஆறு துண்டு. ஐஜிஏ இல்லாதவர்களுக்கு ஜியார்டியா எளிதில் ஒட்டும் என்று மலத்தையும் சோதித்தார்கள். அது இல்லை. பயாப்ஸி அறிக்கை மார்ஷ் 3ஏ.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் கேட்ட முதல் கேள்வி: "இன்றைக்குச் சாப்பிடலாமா, நாளையிலிருந்து நிறுத்தினால் போதாதா?" நேராகத் தால் பூரிக்காரரிடம் போனோம். ஒரு ஜோடி வாங்கி நின்றபடியே சாப்பிட்டான். மிளகாய் அதிகம் போடச் சொன்னான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கிறவர் எனக்கும் நீட்டினார், வேண்டாம் என்றேன், "ரெஜிமா?" (டயட்டா?) என்று சிரித்தார்.

2023 மார்ச் 5

முழங்கையிலும் பிட்டத்திலும் தாங்க முடியாத அரிப்போடு கொப்புளம், ஐந்து வருஷமாகச் சொறிக் களிம்பு என்று எழுதியிருக்கும் அம்மா: அது சீலியாக்கின் தோல் முகமாக இருக்கக்கூடும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். துண்டு எடுக்கும்போது கொப்புளத்தில் எடுக்கக் கூடாது, அதை ஒட்டிய நல்ல தோலில் எடுக்க வேண்டும், அங்கேதான் ஐஜிஏ படிந்திருக்கும்.

2023 ஆகஸ்ட் 12

என் ஆண்டுச் சோதனை: டிடிஜி 4, ஹீமோகுளோபின் 12.6. எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைவு, கால்சியம் கொடுத்திருக்கிறார்கள். டிடிஜி இறங்கினால் குடல் முழுக்க ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை என்றார் டாக்டர். ஏறினால் மட்டும் எங்கேயோ கோதுமை நுழைகிறது என்று அர்த்தம். பெருங்காயத்தை மாற்றிய பிறகுதான் 9-லிருந்து 4-க்கு வந்தது.

2023 நவம்பர் 19

முதல் கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்திருக்கிறார்! அன்றைக்கு நான் எழுதியதைப் பார்ப்பதற்குள் மனைவி ரொட்டியை விட்டுவிட்டாராம். உடம்பு தேறியதால் பரிசோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். இப்போது எட்டு வயது மகன் வளராமல் நிற்கிறான், வயிறு முன்னால் தள்ளுகிறது, டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது சீலியாக் உண்டா என்று கேட்கிறார், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இதற்காகவே மனைவி ஏழு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டி சாப்பிட்டு வருகிறார். மகன் நிறுத்தவே இல்லை. நாளை காலை இருவருக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். "சாப்பிடாமல் கூட்டிப்போக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். எண்டோஸ்கோப்பிக்குத்தான் வெறும் வயிறு, இந்த ரத்தத்துக்கு இல்லை. மொத்த ஐஜிஏ எழுதியிருக்கிறதா என்று சீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். பையனுக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தே கூட்டிப்போங்கள். அவன் அம்மாவுக்கும்.

அதே நாள், இரவு 9 மணி

பார்த்துவிட்டாராம். பையன் சீட்டில் இருக்கிறது, மனைவி சீட்டில் இல்லை. காலையில் லேபில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.